சகலை கொண்டுவந்த ராணி

எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய அன்று இருந்தவர்கள் இவர்கள். என் அம்மா. என் மாமியார். என் மனைவி. மனைவியின் அக்கா. வீடு கட்டிய மேஸ்திரி. எதிர் மனையில் கொட்டகை போட்டிருக்கும் பெரியவர். அரிசி மில்லில் என்னோடு மூட்டை தூக்கும் இரண்டு பேர். நான். கடைசியாக என் சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன். அக்கா முந்தின நாளே வந்துவிட்டாள். சகலை மட்டும் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். பால் பொங்கி எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தார். கையில் ஒரு அகலமான மண் தொட்டி. அதில் ஒரு செடி.

செடி ஒரு முட்டைக்கோஸ் அளவு இருந்தது. கத்தாழை ஜாதிதான். ஆனால் நம் பக்கம் ஓடை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கிற கத்தாழை மாதிரி இல்லை. இலை ஒவ்வொன்றும் விரல் நீளம். தடித்த இலை, ஒன்றின்மேல் ஒன்று நெருக்கி அடுக்கி உருண்டையாகக் கட்டியிருந்தது. நல்ல கரும்பச்சை. இலையின் ஓரத்திலும் முதுகிலும் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு. ஓரத்தில் முள் கிடையாது. நுனியில் மட்டும் கறுப்பாக ஒன்று. பஸ்ஸில் யாரையும் குத்திவிடக் கூடாது என்று ஒவ்வொரு நுனியிலும் தெர்மாகோலைக் கிள்ளிச் செருகியிருந்தார். மலை இறங்கும் வளைவு முழுக்க மடியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாராம். வீடு என்னுடையது. நான் வாசலில்தான் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். செடியை என் மனைவியிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிப் படி ஓரமாக வைத்தாள்.

பின்பக்கம் போட்டிருந்த பந்தலில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். முன்பக்கம் அம்மாவும் மேஸ்திரியும் மட்டும் இருந்தார்கள். புது வீட்டுக்குக் கத்தாழை கொண்டுவருவது எங்கள் பக்கம் உண்டு. வேரோடு பிடுங்கி, படிகாரம் சேர்த்துக் கட்டி, நிலைவாசலுக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். ஊர்க் கண் பட்டால் அதோடு போகட்டும் என்று. மருமகளின் அக்கா புருஷன் அக்கறையாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று அம்மா நினைத்துவிட்டாள். அவளுக்குக் கண் மங்கல். நுனியில் இருந்த தெர்மாகோலைப் படிகாரம் என்றே எடுத்துக்கொண்டாள். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைத் தட்டி உதறி, கயிறு கட்டி, மேஸ்திரியை ஆணி அடிக்கச் சொல்லி மாட்டிவிட்டாள். நாங்கள் கை கழுவிக்கொண்டு வரும்போது அது தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அத்த, இன்னா பண்ணிட்டீங்க. தொட்டில இருந்தத புடுங்கிட்டீங்களே" என்றாள் என் மனைவி.

"கத்தாழய யாராச்சும் தொட்டில வைப்பாங்களாடி. கட்டறதுக்கு தான கொண்டாந்தாரு."

சகலை மேலே பார்த்தார். பிறகு சிரித்தார். "வுடும்மா. கட்ட தான் கொண்டாந்தேன். தண்ணி இல்லாட்டியும் அது கெடக்கும். ஒன்னும் ஆவாது."

மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னார். "சகலைக்கு சகலையோட கண்ணு தாம்ப்பா மொதல்ல படும். அதான் மனுசன் மருந்தையும் அவரே எடுத்தாந்துட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் மனைவி முகத்தை. செடி போயிற்றே என்று அவள் வருத்தப்பட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவள் செடியைப் பார்க்கவில்லை. அவருக்கு வருத்தமா என்று பார்த்தாள்.

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். வேலை மலைமேல் கரியாலூரில், வெளியூர்க்காரர் ஒருவர் கட்டிப்போட்டிருக்கும் காட்டேஜில் தோட்டம் பார்க்கிறது. நான் எட்டாவது வரைக்கும் படித்தேன். அவரும் எட்டாவதுதான். ஆனால் அவர் பேசினால் ஆட்கள் நின்று கேட்பார்கள். நான் பேசினால் இன்னா என்று திருப்பிக் கேட்பார்கள். மண்ணில் வேலை செய்கிறவர், விரலைப் பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சுத்தமாக இருக்கும். என் முதுகிலும் கழுத்திலும் எப்போதும் தவிட்டுத் தூசி. குளித்தாலும் போகாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருக்கும், எங்கள் கல்யாணத்தன்று பந்தியில் அந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால்.

பேச்சு இதுதான். மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை ரசம் ஊற்றிக்கொண்டே சிரிப்புக்காகச் சொன்னது. சகலை முதலில் பெண் பார்க்க வந்தபோது பார்க்க வந்தது அக்காவைத்தான். உள்ளே அக்காவுக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். புதுப் புடவை, மடிப்பு நிற்கவில்லை. காபி ஆறிப்போகிறது என்று தங்கச்சி தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அவள்தான் பெண் என்று நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் அக்கா வெளியே வந்து நின்றாள். அப்போது உயிரோடிருந்த என் மாமனார், மூத்தது இருக்க இளையதைக் கொடுக்க முடியாது என்று சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் வெளியே வேப்பமரத்தடியில் போய்ப் பேசிவிட்டு வந்து, சரி மூத்த பெண்ணையே கட்டுகிறோம் என்றார்கள். "ஒரு டம்ளர் காபியால கல்யாணமே மாறிப் போவ இருந்திச்சி. நீ குடுத்து வச்சவன்" என்று என் இலையில் ரசத்தை ஊற்றினாள் அந்த அம்மா. பந்தியே சிரித்தது. சகலையும் சிரித்தார். பக்கத்தில் என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்திருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அந்த வருஷம் ஒரு நாள் அவளிடம் கேட்டேன். அவர பாத்தியா என்று. "யாரு பாத்தா. காபி தட்டு கொட்டாம போறதே பெருசு" என்றாள். அதோடு விட்டேன். விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அவரை மாமா என்று கூப்பிடுவாள். அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கம்தான். கட்டினவனையும் மாமா என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் கூப்பிடுகிறார்கள். என்னை அவள் கூப்பிட்டதில்லை. எனக்கு ஏங்க, இல்லாவிட்டால் இன்னாங்க.

கல்யாணம் ஆன புதிதில் விருந்துக்குக் கரியாலூர் போனோம். அங்கேதான் அந்தச் செடியை முதலில் பார்த்தேன். அப்போது ஆரஞ்சுப் பழ அளவு இருந்திருக்கும். காட்டேஜுக்குப் பின்னால் சகலைக்குக் கொடுத்திருந்த அறையின் தாழ்வாரத்தில், மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து வைத்திருந்தார். ஓனர் அம்மா பெங்களூரில் வாங்கிவந்ததாம். ஒரு வருஷம் பார்த்துவிட்டு, வளரவே மாட்டேன் என்கிறது, தூக்கிப் போடு என்று சொன்னாராம். இவர் எடுத்து வைத்துக்கொண்டார். இங்கிலீஷில் பெயர் நீளமாக இருந்தது, அதில் ராணி என்று வரும் என்றார். அதனால் அதற்கு ராணி என்றே பெயர் வைத்துவிட்டார்.

என் மனைவி அதன் முன்னால் குந்திக்கொண்டாள். அவரும் எதிரே குந்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். செம்மண் ஒரு கை என்றால் பொடி ஜல்லி இரண்டு கை. கொஞ்சம் கரித்துண்டு. தொட்டி ஆழம் கம்மியாக இருக்க வேண்டும். அடியில் ஓட்டை அடையாமல் ஓட்டுச் சில்லு போட வேண்டும். ஒரே பக்கம் வெயில் பட்டால் சாய்ந்து வளரும், அதனால் தினமும் காலையில் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும்.

"தண்ணி எப்பப்ப மாமா ஊத்தணும்?"

"ஊத்தவே தோணக் கூடாது. மண்ணு நல்லா காஞ்சி, அதுக்கப்பறமும் நாலு நாளு உட்டுட்டு கொஞ்சமா ஊத்தணும். ஆச பட்டு ஊத்தினா நடுவுல அழுவிப்பூடும்."

"அப்ப இன்னா தான் பண்றது இத?"

"பாத்துக்கினு இருக்கலாம்" என்றார்.

செடியைப் பற்றித்தான் சொன்னார். நான் பக்கத்தில் பலாமரத்தில் சாய்ந்து நின்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் காதில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது. என் காதில் விழுந்தது வேறு. மலையை விட்டு இறங்கும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். வாந்தி வருது என்றாள். இருக்கலாம்.

அப்படிப்பட்ட செடிதான் என் வீட்டு வாசலில் தலைகீழாகத் தொங்கியது. பால் காய்ச்சிய மறுநாளே இறக்கிவிடலாம் என்று மனைவி சொன்னாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கட்டினதை நடுவில் அவிழ்க்கக் கூடாதாம். காய்ந்து சருகானால் கண்ணையெல்லாம் அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். பிறகு முச்சந்தியில் போட்டுவிட்டு வேறு கட்டலாம். அதுவரைக்கும் தொடக் கூடாது. "உங்க அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. காயட்டும் என்று இருந்தேன். காய்ந்தால் முச்சந்தி. எனக்கு அது போதுமாக இருந்தது.

அது காயவில்லை. சித்திரை வெயிலில் தகரமே வளைகிறது, அது இலையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டதோடு சரி. வேர் மட்டும் பழைய சணல் மாதிரி வறண்டு தொங்கியது. எதிர் மனைப் பெரியவர் தன் கொட்டகையில் கட்டின சாதாரணக் கத்தாழை சுருங்கிக் காய்ந்து விழுந்து, அவர் வேறு கட்டி, அதுவும் காய ஆரம்பித்துவிட்டது. தெர்மாகோல் மட்டும் ஒவ்வொன்றாகக் காற்றில் விழுந்து முள் வெளியே வந்தது. நான் உயரம். மில்லிலிருந்து வந்து வாசலில் நுழையும்போது அது என் தலைத்துண்டைப் பிடித்து இழுக்கும். ஒரு தடவை நெற்றியில் கீறி ரத்தம் வந்தது. மனைவி குள்ளம். அவளை அது ஒரு நாளும் தொட்டதில்லை. அவள் வாசல் தெளிக்கும்போது நிமிர்ந்து ஒரு தடவை பார்ப்பாள். நான் உள்ளே படுத்துக்கொண்டு அவள் பார்ப்பதைப் பார்ப்பேன். வெளியிலிருந்து வருகிற கண்ணுக்குத்தான் கத்தாழை கட்டுகிறார்கள். உள்ளே படுத்திருக்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் கட்டுவதில்லை.

ஆடி மாசம் அக்கா வந்தாள். பெரியாஸ்பத்திரியில் கடவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சு அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மனைவி ஐஸ் வாங்கக் கடைக்குப் போனாள். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இன்னும் சாவலயா இது?" என்றாள்.

"பேசாதக்கா. ரத்தம் வரும்."

"சாவாது. எனக்கு தெரியும்." பஞ்சை நாக்கால் ஒதுக்கிக்கொண்டாள். "நான் தான் தம்பி இத எடுத்தாரச் சொன்னேன்."

"இன்னாத்துக்கு?"

"எழுந்ததும் மொதல்ல இது மூஞ்சில தான் முழிப்பாரு. திருப்பி வைப்பாரு. தூசி தட்டுவாரு. ராணிம்பாரு. நான் சோத்த போட்டு வச்சிக்கினு நிப்பேன். என்ன ஒரு நாளு அப்டி கூப்டு இருப்பாரா. வூட்ட வுட்டு தொலையட்டும்னு தான், தங்கச்சி வூட்டு பால் காச்சறதுக்கு இத குடுத்துடுன்னேன். மாட்டேம்பாரு, ஒரு சண்ட போடலாம்னு இருந்தேன். கொஞ்சம் கூட யோசிக்கல தம்பி. சரின்னுட்டாரு."

நான் தலைத்துண்டை அவிழ்த்து உதறினேன்.

"வேற யாருக்குன்னு சொல்லி இருந்தாலும் குடுத்துருக்க மாட்டாரு" என்றாள். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ போனது. அது போய் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அந்த காபிய நானே எடுத்துக்கினு போயிருக்கணும். மடிப்பு நிக்கலன்னா இன்னா. அப்டியே போயிருக்கணும்."

இத்தனை வருஷமாக அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தன்தான் இதைத் தூக்கிச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். மூட்டைக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்திருக்கிறது. அதற்காகக் கனம் குறையவில்லை. சரின்னுட்டாரு என்று அவள் சொன்னது மட்டும் கூடுதலாக ஏறிக்கொண்டது. மனைவி ஐஸோடு வந்ததும் அக்கா வாயை மூடிக்கொண்டாள். தங்கச்சி துணியில் ஐஸைச் சுற்றிக் கன்னத்தில் வைத்துப் பிடித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தாள். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கே தெரிகிற அளவுக்கு, தொங்குகிற செடியின் வேர்ப்பக்கத்தில், அரிசி முளை மாதிரி வெள்ளையாக ஒரு வேர் விட்டிருந்தது. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"காஞ்சா தான் அது கழிப்பு. இது பொழைக்கணும்ங்குது. உசுரு இருக்கறத தொங்க வுட்டா நமக்கு தான்டா பாவம். எறக்கு."

நான் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். மனைவி சகலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் குரல் எங்கள் வீட்டுக்குள் நிதானமாக வந்தது. காய்ந்த வேரையெல்லாம் நறுக்கிவிட வேண்டும். புது வேரைத் தொடக் கூடாது. நிழலில் இரண்டு நாள் வைத்துவிட்டு நட வேண்டும். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது. "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று அவள் கேட்டுக்கொண்டாள். "சகல பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். "தப்பா நெனைக்காதீங்க, உங்க கை கொஞ்சம் பலமான கை. அழுத்தாம நடுங்க" என்றார். சரி என்றேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

இப்போது சகலை கரியாலூரில் இல்லை. ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய நர்சரியில் வேலைக்குப் போய்விட்டார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பொங்கலுக்குத்தான் வருகிறார்கள், அதுவும் எல்லாப் பொங்கலுக்கும் இல்லை. செடி எங்கள் வாசற்படி ஓரத்தில் தொட்டியில் இருக்கிறது. வளர்ந்திருக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடுவில் ஒரு இலை மூடின விரல் மாதிரி நின்று, மாசக்கணக்கில் யோசித்து, ஒரு நாள் பிரிந்துகொள்ளும். பிரிகிற இலையின் முதுகில் பக்கத்து இலையின் அச்சு விழுந்திருக்கும். ஜல்லி நான் கொண்டுவந்தது. கரி இஸ்திரிக் கடையில் நான் கேட்டு வாங்கியது. மழைக்குத் தகரம் வைத்து மூடுவதும் நான்தான். காலையில் அவள் கோலப்பொடி எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் தொட்டியை நானே திருப்பி வைத்துவிடுவேன். யார் வந்து கேட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான். எங்க மாமா குடுத்தது.

நட்ட அன்று நானும் அவளும்தான் இருந்தோம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் தொட்டியின் நடுவில் செடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் சுற்றிலும் செம்மண்ணும் ஜல்லியும் கலந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு விரலால் தள்ளினாள். என் கை அசையாமல் இருந்தது. இரண்டு பேர் தலையும் கிட்டக் கிட்ட இருந்தது. அவள் நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. மறுபடி கேட்கக் கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"அன்னிக்கு காபி எடுத்துக்கினு போனியே. அவர எத்தன தடவ பாத்த?"

அவள் நிமிரவில்லை. கோபப்படவும் இல்லை. இலைக்கு அடியில் கையை விட்டு ஜல்லியைச் சமப்படுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லப் பழகாதவள்.

"ரெண்டு."